கொடைக்கானல் ஹோம்ஸ்டேயில் மூட்டைப்பூச்சி: குளிர்காலம் முழுக்க அறையைப் பூட்டி வைத்தால் செத்துவிடுமா?

மேல்மலை_வாசி கேட்டது:

வணக்கம். கொடைக்கானலில் நான்கு அறை ஹோம்ஸ்டே. பழைய வீடு. கல் சுவர், பலகைத் தரை, பலகை சீலிங். இரண்டாம் அறையில் மூட்டைப்பூச்சி இருப்பது உறுதி. மெத்தையின் ஓரத் தையலில் கறுப்புப் புள்ளிகள், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் உயிரோடு ஏழெட்டுப் பூச்சிகள். அதை ஒட்டிய மூன்றாம் அறையில் சந்தேகம் மட்டும்தான். கீழேயிருந்து ஆள் வரவழைத்து மருந்து அடித்து, 15-ஆம் நாள் இரண்டாம் முறையும் அடித்தாயிற்று. ஐந்து வாரம் ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது மறுபடியும் குட்டிப் பூச்சிகள்.

தெரிய வேண்டியவை: அந்த அறையைப் பூட்டி, டிசம்பர், ஜனவரி குளிரில் அப்படியே விட்டால் இரத்தம் கிடைக்காமலும் குளிராலும் செத்துவிடுமா? கம்பளியும் ரஜாயுமாக நாற்பது உருப்படி இருக்கிறது, இங்கே அடிக்கிற வெயிலில் காயப்போட்டால் போதுமா? மூன்றாம் அறையில் இருக்கிறதா இல்லையா என்று எப்படி நிச்சயம் செய்வது? பக்கத்துத் தோட்டக்காரர் உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மருந்தைக் கட்டிலுக்கு அடிக்கச் சொல்கிறார். செய்யலாமா?

குன்னூர்_பூச்சிக்கட்டுப்பாடு பதில்:

பூட்டி வைக்காதீர்கள் சார். மலையில் மூட்டைப்பூச்சி விஷயத்தில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இங்கத்திய குளிர் அதைக் கொல்லாது, அதன் ஓட்டத்தை மெதுவாக்கும். உடம்பு மெதுவாக ஓடினால் பசியும் மெதுவாகத்தான் வரும். 28, 30 டிகிரி இருக்கிற சமவெளி வீட்டில் இரத்தம் கிடைக்காத பூச்சி சில மாதத்தில் காய்ந்துபோகும். 10, 15 டிகிரியில் கிடக்கிற அறையில் வளர்ந்த பூச்சி அரை வருடத்துக்கு மேலும் தாங்கும். ஒரு வருடத்தைத் தாண்டியதாகவும் பதிவு உண்டு. வெளியே புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்த காலையிலும் கல் சுவர் வீட்டுக்குள் உறைநிலை வராது. மூட்டைப்பூச்சியை முட்டையோடு கொல்லும் குளிர் என்றால் மைனஸ் 18 டிகிரி, அதுவும் நான்கு நாள் விடாமல். அது ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்குள் கிடைக்கும், ஊட்டியிலோ கொடையிலோ அறைக்குள் கிடைக்காது. இரண்டு மாதம் பூட்டிவைத்துப் பொங்கல் விடுமுறைக்குத் திறந்தால், இருக்கிற பூச்சி மொத்தமும் முதல் விருந்தினர் மேல்தான் ஏறும். பூட்டிய அறையில் பசி தாங்காதவை சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கு நடக்கவும் செய்யும்.

உங்கள் 15 நாள் கணக்கு தவறியதும் இதே காரணத்தால்தான். அடிக்கிற மருந்து முட்டையை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. முட்டை பொரித்து வெளியே வருகிற குட்டியைப் பிடிக்கத்தான் இரண்டாம் முறை அடிப்பது. 28 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் பொரிக்கும். 22 டிகிரியில் சுமார் 12 நாள், 18 டிகிரியில் சுமார் மூன்று வாரம். அதற்குக் கீழே இன்னும் நீளும், 13 டிகிரி வாக்கில் பொரிப்பதே நின்றுவிடும். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் 15-ஆம் நாள் சரியான நாள். சூடு வைக்காத கொடைக்கானல் அறையில் அன்றைக்கு நல்ல பங்கு முட்டை முட்டையாகவே இருந்திருக்கும். அதற்குப் பிறகு பொரித்தவற்றுக்கு மருந்தின் வீரியம் போதவில்லை. பாலிஷ் போடாத மரமும் சுண்ணாம்புப் பூச்சும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பான பரப்பில் நிற்கிற அளவு அங்கே நிற்காது.

இனி செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. அறையை இயற்கைக் குளிரில் விடுவதானால் இடைவெளியை 21 நாள் ஆக்குங்கள்: முதல் நாள், 21-ஆம் நாள், 42-ஆம் நாள் என்று மூன்று முறை. அறை 15 டிகிரிக்குக் கீழே கிடந்தால் இதுவும் போதாது. அதைவிட நல்ல வழி, ஆயில் ரேடியேட்டர் ஹீட்டர் வைத்து அறையை இரவும் பகலும் 22, 24 டிகிரியில் நிறுத்துவது. அப்போது முட்டை சீக்கிரம் பொரிக்கும், பூச்சி சுறுசுறுப்பாக வெளியே வரும், 14 நாள் கணக்கும் செல்லும். தெர்மாமீட்டரை மேசை மேல் வைக்காமல் தரையோரம், கட்டில் காலடியில் வையுங்கள். முட்டை இருக்கிற இடத்துச் சூடுதான் கணக்கு. பலகைத் தரை வீட்டில் மேலே 22 காட்டும்போது தரையோரம் 17 இருக்கலாம்.

ஹீட்டரை வைத்தே பூச்சியைக் கொன்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லா இடுக்கிலும் 50 டிகிரி வர வேண்டும். வீட்டு ஹீட்டரோ கணப்போ அதைத் தராது, பூச்சி குளிர்ந்த இடுக்குக்கு நகர்ந்துவிடும், மர வீட்டில் தீப்பிடிக்கும்.

மருந்துக்கு முன்னால் கைவேலை இருக்கிறது, பாதிப் பலன் அதில்தான். அறையிலிருந்து எதையும் திறந்தபடி வெளியே தூக்காதீர்கள். கட்டிலை அதே அறையில் கழற்றுங்கள். வேக்கம் கிளீனரின் ஒடுங்கிய மூக்கை மெத்தைத் தையல், பலகை இணைப்பு, ஸ்குரூ துளை, தரைப்பலகை இடுக்கு எல்லாவற்றிலும் அழுத்தி இழுங்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், வேக்கத்தில் வராது, அதற்கு நீராவி. பையை உடனே கழற்றி, கட்டி, அறைக்கு வெளியே எரித்துவிடுங்கள். வேக்கத்தை அப்படியே ஸ்டோரில் வைத்தால் அதுவே அடுத்த அறைக்குப் பூச்சியைக் கொண்டுபோகும்.

கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நீராவிக்கு அதனால் குறை வராது, தப்பு நடப்பது கை வேகத்தில். ஒரு அடி நீளத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி எடுத்துக்கொண்டு நகர்த்துங்கள். நகர்த்திய உடனே மரத்தின் மேற்பரப்பு 70 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள், உடம்புச் சூடு பார்க்கிற நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. ஊசி மாதிரிப் பீறிடுகிற மூக்கு வேண்டாம், பூச்சியை ஊதித் தள்ளிவிடும். அகல மூக்கில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். ஸ்விட்ச் போர்டுப் பக்கம் நீராவி கூடாது. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி, அங்கே வேக்கமும் பொடியும் மட்டும்.

பூச்சியியல்_துறை பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. மூன்றாம் அறையைப் பற்றிச் சொல்கிறேன், அது உங்கள் வேலையின் அளவையே மாற்றும்.

கடித்தடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிலருக்குத் தடிப்பே வராது, சிலருக்கு ஒரு வாரம் கழித்து வரும். தங்கிப் போனவர் ஊருக்குப் போன பிறகு சொல்வதும், அங்கே கடித்ததை இங்கே கடித்ததாக நினைப்பதும் இரண்டுமே நடக்கும். மலையில் குழப்புகிற பூச்சிகள் வேறு உண்டு. நாய் படுக்கிற வராந்தாவில் தெள்ளுப்பூச்சி இருக்கும். அது பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், குதிக்கும், பெரும்பாலும் கணுக்காலில் கடிக்கும். மூட்டைப்பூச்சி குதிக்காது, பறக்காது, மேலிருந்து அமுக்கியது போலத் தட்டை. ஈரச் சுவரிலும் பழைய புத்தகத்திலும் வெளிறிய மிகச் சிறு பூச்சிகள் ஓடும். பூஞ்சை தின்பவை, கடிக்காது. இவற்றை மூட்டைப்பூச்சிக் குட்டி என்று நினைத்து மருந்து அடித்துப் பணத்தை விடுகிறவர்கள் நிறைய. குட்டிக்கு வயிற்றுக்குள் சிவப்பாக, குடித்து நாளானால் கறுப்பாக, இரத்தம் தெரியும். சீலிங்குக்கு மேல் வௌவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். வௌவாலைக் கடிக்கிற நெருங்கிய இனங்கள் உண்டு. அப்படியானால் வழி வேறு, வௌவால் வெளியேறும் நேரம் பார்த்து ஓட்டையை அடைக்க வேண்டும்.

முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளை, இடுக்கில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். முதல் பருவக் குட்டியும் ஏறத்தாழ எள்ளுக்குக் குறைந்த அளவு. வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர், பழுப்பு. குட்டி ஐந்து முறை தோல் உரிக்கும், ஒவ்வொரு உரிப்புக்கும் முன்னால் ஒரு தடவை இரத்தம் வேண்டும். அதனால் உரித்த தோல்கள் கிடைத்தால் அங்கே பூச்சி வாழ்ந்து வளர்ந்தது என்று பொருள். கறுப்புப் புள்ளி அதன் கழிவு, செரித்த இரத்தம். சந்தேகமான புள்ளியை ஈரமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். துருச் சிவப்பாக இழுபட்டால் மூட்டைப்பூச்சி. கரப்பான் எச்சம் அப்படி இழுபடாது.

தேட வேண்டிய வரிசை: மெத்தையின் பைப்பிங்கும் லேபிள் தைத்த இடமும், கட்டில் சட்ட மூலைகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், கட்டிலுக்கு அடியில் ஒட்டிய ப்ளைவுட்டின் விளிம்பு, பக்கத்து மேசை இழுப்பறையின் அடிப்பக்கம், சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓடும் ஸ்கிர்ட்டிங் பலகையின் மேல் இடுக்கு, திரைச்சீலை மடிப்பு, சுவர்ப் படத்தின் பின்புறம். கட்டிலிலிருந்து ஆறடிக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். நல்ல டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடியுங்கள். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி இழுங்கள், மறுமுனையில் வெள்ளைத் தாள் பிடியுங்கள். கிடைத்ததைச் செல்லோடேப்பில் ஒட்டி வையுங்கள். வருகிற மருந்துக்காரரிடம் அதைக் காட்டினால் பேச்சு நீளாது.

கண்ணில் படாவிட்டால் கட்டில் கால் பொறி. சாப்பாட்டு அலமாரிக் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற அதே யோசனை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் ஒட்டுங்கள், கால் சின்னதற்குள் நிற்க வேண்டும். பெரிய டப்பாவின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான டேப் சுற்றுங்கள், பூச்சி ஏறட்டும். உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். இந்தியாவில் இரண்டு இனம் இருக்கிறது, அதில் வெப்பநாட்டு இனம் வழுவழுப்பான சுவரிலும் ஓரளவு ஏறிவிடும். அதனால் இரண்டு டப்பாவின் உள் சுவரிலும் டால்கம் பவுடரைப் பஞ்சால் மெல்லப் பூசிவிடுங்கள். மலை ஈரத்தில் பவுடர் கட்டிபடும். வாரம் ஒரு முறை துடைத்து மறுபடி பூச வேண்டும், இதை மறந்தால் பொறி வெறும் டப்பா. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையைத் தொடாமல் பாருங்கள். இல்லையேல் பூச்சிக்கு வேறு படிக்கட்டு கிடைத்துவிடும். எட்டு வாரத்தில் பொறியில் ஒன்றும் விழாவிட்டால் சமவெளியில் சுத்தம் என்பார்கள். குளிரில் பூச்சி அடிக்கடி நடமாடாது, நீங்கள் மூன்று மாதம் பாருங்கள்.

இன்னொன்று, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒட்டிய எல்லா அறைகளையும் ஒரே நாளில் பாருங்கள். பலகைத் தடுப்பு வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் வைத்தியம் என்பது கிடையாது.

லினன்_ரூம்_அக்கா பதில்:

கம்பளி, ரஜாய் பற்றி. தம்பி, கொடைக்கானல் வெயிலில் காயப்போட்டு மூட்டைப்பூச்சி சாகாது. மே மாதத்திலேயே பகல் 20, 22 டிகிரிதான். துணி மேல் சூடு தெரியும், மடிப்புக்குள் தெரியாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். வெயிலில் போட்டால் நாற்றமும் ஈரமும் போகும், அவ்வளவுதான்.

வளர்ந்த பூச்சி 48 டிகிரியில் இருபது நிமிடத்தில் சாகும், முட்டை அதே சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 50-ஐத் தாண்டினால் இரண்டும் சீக்கிரம் போகும். அதனால் துணியின் நடுவில் 55 டிகிரி என்று குறி வையுங்கள். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் 60 டிகிரியில் துவைத்தால் போதும். ஹாட் என்று பொத்தான் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள், பைப்பில் வருகிற பனித்தண்ணீரை ஹீட்டர் முழுசாகச் சூடாக்குவதற்குள் சில மெஷின் சுழற்சியை முடித்துவிடும். தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள்.

ரஜாயைத் துவைக்க வேண்டியதில்லை, காய்ந்த ரஜாயை அப்படியே பெரிய லாண்டரி டிரையரில் உச்சச் சூட்டில் 30 நிமிடம். டிரம்மில் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள், சுழல இடம் இருந்தால்தான் நடுவில் சூடு போகும். ஈரத்தோடு போட்டால் முதல் அரை மணி ஈரத்தை ஓட்டவே செலவாகும். கணக்கைக் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

கம்பளிக்கு இது ஆகாது, சுருங்கிப் பாதியாகிவிடும். அதற்கு ஃப்ரீசர். ஆஃப் சீசனில் கடைகளில் சும்மா நிற்கிற ஐஸ்கிரீம் ஃப்ரீசரை வாடகைக்குக் கேளுங்கள். மைனஸ் 18 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கம்பளியைத் தளர்வாகச் சுருட்டி, ஜிப் பையில் போட்டு, நடுச்சுருட்டில் தெர்மாமீட்டர் முனையை வையுங்கள். நடுவில் மைனஸ் 18 வந்த பிறகு நான்கு நாள் எண்ணுங்கள். அடைத்த கம்பளியில் நடு குளிரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி பத்தாது, அடிக்கடி திறப்பதால் சூடு ஏறும்.

வத்தலக்குண்டுக்கு இறங்கி, மூடிய வேனுக்குள் வெயிலில் போட்டு எடுக்கிறார்கள் சிலர். ஏப்ரல், மே நண்பகலில் வேனுக்குள் 55, 60 வருவது உண்மைதான். ஆனால் கட்டாக அடுக்கினால் நடுக்கட்டு 40-ஐக்கூடத் தொடாது. ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்து, நடுவில் தெர்மாமீட்டர் வைத்து, 50-க்கு மேல் இரண்டு மணி நேரம் நின்றால் சரி. மேகம் வந்துவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது.

எதைச் செய்தாலும் அறைக்குள்ளேயே பையில் கட்டி வாயை இறுக்கி வெளியே எடுங்கள். நீலகிரியில் தடை இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை கிடைக்காது. தண்ணீர் பிடிக்கிற மூடி போட்ட நீல டிரம் அதைவிட நல்லது, திரும்பத் திரும்பப் பயன்படும், வழியில் பூச்சி உதிராது. அழுக்கு டிரம்முக்கும் சுத்தம் செய்தது வைக்கிற டிரம்முக்கும் வேறு வேறு நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். நாற்பது உருப்படியில் இரண்டு மாறிப்போனால் வேலை முழுதும் மறுபடி.

மேல்மலை_வாசி:

மிக்க நன்றி. தோட்டக்காரர் சொன்ன மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொருவர் கோதுமைக்கு வைக்கிற மாத்திரையை அறையில் வைத்துக் கதவை டேப் போட்டு ஒட்டச் சொல்கிறார், ஒரே நாளில் முடிந்துவிடுமாம்.

குன்னூர்_பூச்சிக்கட்டுப்பாடு பதில்:

சார், தயவுசெய்து அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளியேறும், மலைப் பனிமூட்டத்தில் அதற்கு ஈரத்துக்குக் குறைவே இல்லை. டேப் ஒட்டினால் நிற்காது. பலகைத் தரை, சீலிங், பக்கத்துச் சுவர் இடுக்கு வழியாக அடுத்த அறையில் தூங்குகிறவரைப் போய்ச் சேரும். மாற்று மருந்து கிடையாது. வீட்டில் இதை வைத்துக் குழந்தைகள் உட்பட உயிர்கள் போயிருக்கின்றன. உரிமம் பெற்றவர்கள் தானியக் கிடங்கில் மட்டும் கையாள வேண்டிய பொருள்.

உருளைக்கிழங்கு மருந்து விஷயம். மலைத் தோட்டத்தில் உருளைக்கு அடிப்பதில் பெரும்பகுதி கருகல் நோய்க்கான பூஞ்சைக்கொல்லி. அதைக் கட்டிலுக்கு அடித்தால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, படுக்கிறவர் மூச்சுக்குத்தான் கேடு. பூச்சிக்கான வயல் மருந்தானால் இன்னும் மோசம். திறந்தவெளியில் மழையும் வெயிலும் கரைக்கும் என்ற கணக்கில் செய்தது அது, மூடிய அறையில் மெத்தைக்குள் ஊறினால் மாதக்கணக்கில் நிற்கும். பழைய கடைகளில் டைகுளோர்வாஸ் மிச்சம் இருந்தாலும் வாங்காதீர்கள். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அது தடை. மண்ணெண்ணெயும் வேண்டாம், கணப்பும் ஹீட்டரும் உள்ள பலகை வீடு. புகைக் குண்டு, ஸ்ப்ரே டப்பா வகைகள் இடுக்குக்குள் போகாது, பூச்சியைக் கலைத்து நாலு இடத்துக்குப் பரப்பும்.

வீட்டுக்குள் பயன்படுத்த அனுமதி பெற்றது என்று லேபிளில் இருக்கிற மருந்தாக இருக்க வேண்டும். கலவை அளவு லேபிளில் உள்ளதுதான், இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. தெளிக்கிற அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 40 மில்லி, அதாவது பரப்பு நனைய வேண்டும், வழியக் கூடாது. கட்டில் இணைப்பு, ஸ்கிர்ட்டிங் இடுக்கு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், தரைப்பலகை இடுக்கு ஆகியவற்றுக்கு. உடம்பு படுகிற மெத்தைப் பரப்புக்கு அடிக்க வேண்டாம், அதற்கு ஜிப் கவர் இருக்கிறது. காய்ந்து காற்றோட்டம் ஆகும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மீன்தொட்டி இருந்தால் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள், வீட்டுப் பூச்சி மருந்துகளில் அதிகம் வருகிற பைரித்ராய்டு வகை மீனுக்கு நஞ்சு. தேன்பெட்டி வைத்திருந்தால் அதன் பக்கம் மருந்துக் கலத்தைக் கழுவாதீர்கள்.

அடிக்க வருகிறவரிடம் உரிமத்தைப் பாருங்கள். 1968-ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அது இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது. பில்லில் மருந்தின் பெயரும் சதவீதமும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறொருவர் வந்தால் முன்பு என்ன அடித்தது என்று தெரியாமல் மருந்தை மாற்ற முடியாது.

பூச்சியியல்_துறை பதில்:

மருந்தை மாற்றுவது என்றதும் ஒன்று சேர்க்கிறேன். மூட்டைப்பூச்சி டிடிடிக்குப் பழகிய காலம் பழசு. இப்போது டெல்டாமெத்ரின், சைஃப்ளூத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் ஆகிய பைரித்ராய்டுகளுக்கும் உலகம் முழுக்கப் பழகிவிட்டது, இந்தியாவிலும். இந்த மூன்றில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போனால் மருந்து மாறியது போலத் தோன்றும், பூச்சிக்கு அது ஒரே வகைதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அடிக்கப் போகிற கலவையை ஒரு தாளில் நனைத்துக் காயவையுங்கள். கண்ணாடிச் சீசாவில் அந்தத் தாளை விரித்துப் பத்துப் பூச்சியை விட்டு மூடுங்கள். மருந்து படாத தாளோடு இன்னொரு சீசாவில் பத்து. 24 மணி நேரம் கழித்து மருந்துச் சீசாவில் பாதிக்கு மேல் நடந்துகொண்டிருந்தால் அந்த மருந்துக்குச் செலவு செய்யாதீர்கள், வேறு வகை கேளுங்கள். இரண்டு சீசாவிலும் செத்திருந்தால் சோதனையே தவறு, பூச்சியைப் பிடிக்கும்போது நசுக்கியிருப்பீர்கள்.

பொடி வகையில் சிலிக்கா பொடி நன்றாக வேலை செய்யும். பூச்சியின் மெழுகுத் தோலைக் கெடுத்து உடம்பு நீரை வற்றச் செய்கிறது, பழகிப்போவது கடினம். டயட்டமைட் மண்ணும் (நுண்பாசி ஓடுகள் படிந்த பொடி) இதே வேலைதான், ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் மந்தம். ஜூலை, ஆகஸ்டு மழையிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் மலை வீட்டில் அதை நம்ப வேண்டாம். எந்தப் பொடியானாலும் கண்ணுக்கு லேசாகத் தெரிகிற அளவுக்கு மட்டும், ஸ்விட்ச் பெட்டி, தரைப்பலகை அடி போன்ற மூடிய இடங்களில். குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிப் போகும். போடும்போது முகக்கவசம் கட்டாயம்.

தச்சுப்பட்டறை_ஊட்டி பதில்:

மருந்து, நீராவி எல்லாம் சரி, ஆனால் கட்டிலை மாற்றாமல் மறுபடி மறுபடி வரும். சுவரோடு திருகிய தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, பிரெஞ்ச் கிளீட் மாதிரித் தொங்கவிடுகிற கட்டை வைத்து மாட்டுங்கள். மாதம் ஒரு முறை தூக்கிப் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் ஆணி அடித்த ப்ளைவுட் வேண்டாம், இடைவெளி விட்ட பட்டைச் சட்டம் போதும். இரும்புக் குழாய்க் கட்டிலானால் திறந்த முனைகளையும் போல்ட் துளைகளையும் பாருங்கள், குழாய்க்குள்தான் குடியிருக்கும். வெளியே எடுத்துக் கொதிநீரைக் குழாய் வழியே ஊற்றி, காய்ந்ததும் ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். நாடாக் கட்டிலானால் நாடாவைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுவிட்டு, சட்டத்துளைக்கும் ஊற்ற வேண்டும்.

இடுக்கை அடைப்பது கடைசி வேலை. மூன்று முறை மருந்து முடிந்து, பொறி காலியான பிறகு. முன்னாலேயே அடைத்தால் உள்ளே இருப்பது வேறு பக்கம் வழி தேடும். ஸ்கிர்ட்டிங்குக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் சீலன்ட் நல்லது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்ணாம்புப் புட்டி போடாதீர்கள், மழைக்கும் வெயிலுக்கும் மரம் விரிந்து சுருங்கும்போது ஒரே வருடத்தில் வெடித்துவிடும். மரத்தூளும் பசையும் கலந்தது, அல்லது மெல்லிய சட்டம். கட்டிலுக்குக் கீழேயும் பாலிஷ் அடியுங்கள். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் அடித்துவிட்டு விடுகிறார்கள், பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தின் சொரசொரப்புதான் முட்டை வைக்க வசதி.

மெத்தைக்கு எல்லாப் பக்கமும் மூடுகிற ஜிப் கவர் வாங்குங்கள். மேலே மட்டும் மாட்டுகிற எலாஸ்டிக் கவர் இதற்கு ஆகாது. ஜிப் முடிகிற முனையில் டேப் ஒட்டுங்கள். உள்ளே மாட்டிய பூச்சி குளிரில் நாள் கடத்தும், ஒன்றரை வருடம் கழற்றாதீர்கள். கட்டில் ஆணியில் மாட்டிக் கிழிந்தால் அந்தக் கவருக்குப் பயன் இல்லை. முதலில் சட்டத்தின் கூர்முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

செவிலியர்_குன்னூர் பதில்:

கடிபட்டவருக்குச் சுருக்கமாக. சோப்புத் தண்ணீரில் கழுவி, சொறியாமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அரிப்புக்குக் காலமைன் லோஷன் போதும். சொறிந்து சீழ் வைத்தாலோ, உடம்பெங்கும் தடிப்பும் முகவீக்கமும் மூச்சுத்திணறலும் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டைப்பூச்சி கடித்து நோய் பரவுவதாக நிரூபணம் இல்லை. ஆனால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரித்தால் அது சொறிநோயாக இருக்கலாம், அதற்கு வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து மருந்து பூச வேண்டும். பூச்சி மருந்தை யாரும் தோலில் தடவாதீர்கள்.

மேல்மலை_வாசி:

எல்லாருக்கும் நன்றி. அறையை 23 டிகிரியில் வைத்து 14 நாள் கணக்கில் போகிறோம், மூன்றாம் அறைக்கும் பொறி வைக்கிறோம். கடைசியாக ஒன்று. சீசனில் எக்ஸ்ட்ரா பெட்டும் கம்பளியும் வாடகைக்கு எடுக்கிறோம். அதிலிருந்து வருவதைத் தடுப்பது எப்படி? தங்கியிருக்கும்போதே விருந்தினர் பூச்சியைக் காட்டினால் வேறு அறைக்கு மாற்றலாமா?

லினன்_ரூம்_அக்கா பதில்:

பெட்டியோடு மாற்றாதீர்கள் தம்பி, அதுதான் இரண்டாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குப் போகிற வழி. உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் துணியை டிரம்மில் வாங்கி டிரையரில் அரை மணி ஓட்டிக் கொடுங்கள், பெட்டியின் தையலையும் சக்கர இடுக்கையும் நீராவி காட்டித் துடையுங்கள், குளித்து மாற்றுத் துணியோடு ஆள் மட்டும் புது அறைக்குப் போகட்டும். காலி செய்த அறையை அன்றைக்கு வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வாடகை மெத்தையை வேனிலிருந்து இறக்கும் இடத்திலேயே, வராந்தாவில் வெள்ளைத் துணி விரித்து, நாலு ஓரத் தையலும் பாருங்கள். ஒரு மெத்தைக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் அதே வேனில் திருப்பி அனுப்புங்கள். நல்லதாகத் தெரிந்தாலும் உங்கள் ஜிப் கவரைப் போட்ட பிறகுதான் அறைக்குள். கம்பளியை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம், சொந்தமாகப் பத்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல வீடு சுற்றி வருகிற கம்பளியைச் சீசன் அவசரத்தில் யாரும் ஃப்ரீசரில் வைப்பதில்லை.

பெட்டி வைக்க ஒவ்வொரு அறையிலும் இரும்புக் கால் ஸ்டாண்டு, கட்டிலிலிருந்து தள்ளி. ஆள் மாறும்போதெல்லாம் ஷீட் உருவுகிறவர் மெத்தையின் தலைமாட்டு மூலை இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் மாட்டிய அட்டையில் தேதி எழுத வேண்டும். சனி, ஞாயிறு நெரிசலில் விட்டுப்போவது இந்தத் தேதிதான். அட்டையில் இரண்டு வாரம் காலியாக இருந்தால் திங்கட்கிழமை அந்த அறையை முதலில் பாருங்கள்.